தொண்ணூறு நிமிட மெஷினும் ஊறட்டும் அக்காவும்

மருத்துவமனையின் திசுப் பரிசோதனை லேபில் இருபத்து மூன்று வருடமாக வேலை பார்ப்பவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஊறட்டும் அக்கா’. முதுகுக்குப் பின்னால் என்று நினைக்காதீர்கள், முகத்துக்கு நேராகவே அப்படித்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லையே சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லாம் போன வருடம் புது மெஷின் வந்ததிலிருந்து பிடித்த தலைவலி.

மார்பகப் புற்றுக் கட்டியை வெட்டி எடுத்ததும், அது ஹார்மோனைத் தின்று வளர்கிற ரகமா என்று பார்ப்பார்கள். அந்த ரகமென்றால் ஹார்மோனைத் தடுக்கிற மாத்திரை வேலை செய்யும். இல்லையென்றால் அந்தக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம். கட்டியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், மாத்திரை கேட்கிற ரகம் பழுப்பாகத் தெரியும். முன்பெல்லாம் அவள் கையாலேயே சொட்டு விட்டு, கழுவி, மறுபடி சொட்டு விட்டு, அதற்குள் ஒரு பகல் போய்விடும். மெஷின் அதைத் தொண்ணூறு நிமிடத்தில் முடிக்கிறது. அவளுக்கும் சந்தோஷம்தான், அவள் முதுகுக்கும் சந்தோஷம்தான்.

மேனேஜர் சும்மா இருந்தாரா? வாசலில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் ஒட்டினார்: ‘ஹார்மோன் பரிசோதனை, தொண்ணூறே நிமிடத்தில்!’ அடப்பாவி மனுஷா, சாயம் ஏறத்தானே தொண்ணூறு நிமிடம்! அதற்கு முன்னால் கட்டி ஒரு முழு நாள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊற வேண்டும். பிறகு, மெல்லிசாகச் சீவ வருவதற்காக, ஒரு ராத்திரி முழுக்க இன்னொரு மெஷினில் மெழுகு ஏற வேண்டும். அதையெல்லாம் எழுதப் போஸ்டரில் இடமில்லையாம்.

காலையில் ஆபரேஷன் என்றால் மத்தியானமே லேப் ஜன்னலில் ஒரு தலை முளைக்கும்.

“ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கு, மூணு மணி ஆச்சேம்மா?”

“ஊறட்டுங்க.”

“அதான் புது மெஷின் இருக்கே?”

“இருக்குங்க. ஊறாததைப் போட்டா மெஷின் வேகமா பொய் சொல்லும். பரவாயில்லையா?”

ஜன்னலில் நிற்பவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், பயத்தில் கேட்கிறார்கள். மேனேஜருக்கு என்ன வந்தது?

“நீங்க ஏம்மா எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறீங்க?”

“ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா சார்?” என்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரே ஒரு முறை அவர் நச்சரிப்புக்கு அவள் மசிந்தாள். மெஷின் வந்த முதல் மாதம், ஊசி வழியாக எடுத்த ஒரு துணுக்கை இரண்டு மணி நேரத்திலேயே எடுத்துப் போட்டாள். சாயம் திட்டுத் திட்டாக ஏறியது, லேப் டாக்டரால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. துணுக்கும் தீர்ந்துபோனது. அந்தப் பெண் இன்னொரு தடவை ஊசிக்குப் படுத்தாள். அன்றைக்கு மேனேஜர் லீவு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவள் அக்காதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்த டப்பாவில் அவளுடைய தங்கையின் கட்டி இருந்தது.

சீட்டில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்தாள். கட்டியை ஃபார்மலின் உள்ளே இறங்கும்படி கீறி, டப்பாவை மூடி, நேரத்தை எழுதினாள். மாலை ஐந்து மணிக்கு மாடி வார்டிலிருந்து தங்கை போன் செய்தாள்.

“என்னக்கா, வந்துச்சா?”

“இன்னும் ஊறணும்டி. வியாழக்கிழமை தெரியும்.”

“வியாழக்கிழமையா? கீழே போஸ்டர்ல...”

“அந்தப் போஸ்டரைக் கொளுத்து! ஊறட்டும்.”

தங்கை, “உனக்கென்ன, உன் உடம்பா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஜன்னலில் நின்றவர்கள் எல்லோரும் இதைத்தானே மனதுக்குள் கேட்டிருப்பார்கள்? ஆறு மணிக்கு மெழுகு மெஷினை ஓட்டிவிடுவாள். இதையும் அதில் சேர்த்தால் ஒரு நாள் மிச்சம், நாளைக்கே தெரிந்துவிடும். கையுறை போட்டாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது, நடுவில் இன்னும் சிவப்பு மாறவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “ஊறித் தொலையேன், சனியனே!” என்று கட்டியைத் திட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டு மூடினாள். அந்தத் துண்டு இல்லாமலேயே மெஷினை ஓட்டினாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குச் சாயம் முடிந்தது. டாக்டர் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவள் தகட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“டாக்டர், இதைக் கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “யாரு, நீங்களா சீக்கிரம்னு சொல்றீங்க? தேநீர்ல ரஸ்க் போட்டிருக்கேன்மா. ஊறட்டும்!”

“என் தங்கச்சியோடது டாக்டர்.”

டாக்டர் தேநீரைத் தள்ளி வைத்தார். ஆனால் அவசரமாகப் பார்க்கவில்லை. கூடவே வைத்திருந்த சரிபார்ப்புத் துண்டில் சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார், பிறகு கட்டியின் பழுப்புச் செல்களை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை எண்ணினார். பதினைந்து நிமிடம்.

“நல்ல பழுப்பு. நூத்துக்குத் தொண்ணூறு. மாத்திரை கேட்கும்மா. இவ்வளவு சுத்தமா ஊறின திசுவைப் பார்த்து நாளாச்சு,” என்று கையெழுத்துப் போட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருக்க அவளால் முடியவில்லை. மூன்று மாடியும் ஏறி, மூச்சிரைக்கக் கட்டில் அருகில் நின்று சொன்னாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

“இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு மூணு நாளாக்கா?”

“ஆமாண்டி,” என்றாள் அக்கா. “மூணு நாள்தான்.”