பதினெட்டுக் கிலோமீற்றர் உப்பு

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு என்னும் ஊரில், நீரேரி கடலைத் தொடும் இடத்தில் ஒரு கதவணை உண்டு. கடல்தண்ணீர் உள்ளே ஏறாமல் மறிப்பதும், மாரியில் வெள்ளத்தை வெளியே விடுவதும் அதன் வேலை. இடம்பெயர்ந்திருந்த காலங்கள் போக, முப்பத்தொரு வருசம் அந்தக் கதவுகளைத் திறந்து பூட்டியவர் கனகரத்தினம். அவர் ஓய்வுபெற்ற அன்று அணையடியில் தேத்தண்ணியும் வடையும் வைத்தார்கள். ஏரியோரம் அச்சுவேலியில் தோட்டம் செய்யும் கமக்காரன் சிவகரன் வாயில் வடையோடு எழும்பினான்.

"அண்ணை, இவ்வளவு காலமும் கதவைக் காத்தியள். சும்மா கேக்கிறன், கதவே இல்லாட்டி உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கும்? உந்தப் புளியடி மட்டும் வருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கனகரத்தினமும் சிரித்தார். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை என்று மனைவி கமலாவதி கொழும்பிலிருந்த மகளுக்குச் சொன்னார்.

மகள் நிவேதனா இயந்திரப் பொறியியலாளர். கடலேற்றம், தரைச் சரிவு எல்லாம் போட்டு, உப்பு எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குச் செய்து அனுப்பினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"உது கடதாசி, பிள்ளை. கதவில்லாமல் கடலுக்குப் போற தண்ணியை நான் கண்ணாலை கண்டதில்லை."

ஊரின் பெயரில் ஆறு இருந்தாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. எழுபது வயது வரை ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தை அவர் பார்த்ததில்லை. தன் வேலை தேவைதானா என்ற கேள்வி ஓய்வுக்குப் பிறகு பத்து வருசம் அவரோடேயே இருந்தது. கொச்சிக்கும் அதிரப்பள்ளி அருவிக்கும் போவோம் என்று நிவேதனா சொன்னபோது, செலவை அவர் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை.

"அந்த அருவித் தண்ணி கடைசியிலை எங்கை போகுது?"

"கடலுக்குத்தான் அப்பா."

"அப்ப நான் வாறன்."

மாசி மாதம் பலாலியில் விமானம் ஏறி, சென்னை வழியாகக் கொச்சி போனார்கள். முதல் நாள் கோட்டை, தேவாலயம், கடைத்தெரு. கடற்கரையில் நிற்கும் பெரிய சீனவலைகளை மட்டும் கமலாவதி கடைசி மாலைக்கு என்று தள்ளி வைத்தார். மாலை வெயிலில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தக் கடைசி நாள் காலையில் அதிரப்பள்ளி. அருவி மூன்றாகப் பிரிந்து விழுந்தது. சனம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கனகரத்தினம் பத்து நிமிடம் அருவியைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டி நின்று, தண்ணீர் ஓடிப்போகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அருவி இஞ்சாலை இருக்கு," என்றார் கமலாவதி.

"அதைத்தான் எல்லாரும் பாக்கினமே."

வானுக்குத் திரும்பியதும் சாரதி ஜோயியிடம் கேட்டார்: "தம்பி, இந்த ஆத்தோடையே கீழை போகேலுமோ? பாலம் வாற இடமெல்லாம் நிப்பாட்டி."

"போலாம் சார். ஆனா அங்க பார்க்க ஒண்ணும் இல்ல."

"உப்பு இருக்கும்."

ஜோயி நிவேதனாவைப் பார்த்தான். அவள் தாயைப் பார்த்தாள்.

"அப்ப என்ரை வலை?" என்றார் கமலாவதி.

வான் கதவைச் சாத்திக்கொண்டு அவரே சொன்னார்: "சரி, விடு தம்பி. பத்து வருசமா உந்த மனுசன் நித்திரையிலையும் கதவு பூட்டுது."

வழியில் ஒரு பெட்டிக்கடையில் கனகரத்தினம் கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒன்றை வாங்கிக் காலியாக்கினார். கமலாவதி எந்தப் பயணத்துக்கும் கொண்டுவரும் உடுப்புக் கொடிக்கயிற்றில் அதைக் கட்டி, அடியில் ஒரு கல்லையும் கட்டினார். தேங்காய்த் தும்பை உருட்டி வாயை அடைத்து, அடைப்பில் தனியாக ஒரு நூலைக் கட்டினார். போத்தல் அடி தொட்டதும் நூலை இழுத்தால் அடைப்புக் கழலும். அணையில் அடித்தண்ணீரில் உப்புப் பார்க்க அவர் செய்தது இப்படித்தான். நிவேதனா அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"மேலை மொண்டால் போதாதோ அப்பா?"

"உப்புத் தண்ணி பாரம். அடியாலைதான் வரும். மேலை நல்ல தண்ணி ஓடும், கீழை அது சத்தமில்லாமல் ஏறும்."

முதல் பாலம், நல்ல தண்ணீர். இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு தரமும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினார்.

"பிரஷர்காரனுக்கு உப்பு ஆகாதெண்டு டொக்டர் சொன்னவர்," என்றார் கமலாவதி.

"துப்புறன்தானே!"

மூன்றாவது பாலம் அகலமானது. இரு கரையிலும் தென்னை. மூன்றரை மணிக்கு அடியிலிருந்து வந்த தண்ணீரும் நன்றாகவே இருந்தது. நிவேதனா கயிற்றைச் சுருட்டப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்தார். பாலத்தூணில் பாசி படிந்த கோட்டைக் காட்டினார். தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே நின்றது.

"இன்னும் ஏறும். இருப்பம்."

அரை மணிக்கு ஒருக்கால் போத்தல் இறங்கியது. நிவேதனா நேரத்தைக் கைபேசியில் குறித்தாள். நாலு மணி, இல்லை. நாலரை, இல்லை. ஜோயியும் வந்து கயிற்றைப் பிடித்தான். ஐந்து மணிக்குக் கனகரத்தினம் நாக்கில் வைத்தார். துப்பவில்லை. போத்தலை மனைவியிடம் நீட்டினார்.

கமலாவதி விரலை நனைத்து வாயில் வைத்தார். "கஞ்சிக்குப் போட்ட உப்புக் காணாது. ஆனால் போட்டிருக்கு."

"மேல் தண்ணியையும் பாரும்," என்று வேறு போத்தலில் மேலாக மொண்டதை நீட்டினார்.

"அதிலை இல்லை."

நிவேதனா வரைபடத்தில் ஆற்றின் வளைவுகளோடு விரலை இழுத்து அளந்தாள். கடல்வாயிலிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர். அதோடு அவள் நிற்கவில்லை. "அப்பா, இது ஓடுற ஆறு. எதிர்த்துத் தள்ளியும் இவ்வளவு தூரம் வந்திட்டுது. எங்கடை ஏரியிலை கோடையிலை தள்ள ஒண்டும் இல்லை."

"அப்ப?"

"இன்னும் கூடத்தான் வரும்."

"அச்சுவேலித் தோட்டக் கிணறுகள்?"

"தப்பாது."

அவர் தலையை ஆட்டினார். போத்தலைத் தும்பால் அடைத்து மடியில் வைத்துக்கொண்டார். கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் போயிருந்தது. வலைகளை மேலே தூக்கிவிட்டிருந்தார்கள். கமலாவதி இறங்கி, இருட்டில் தெரிந்த வெறும் கழிகளைப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

ஆனி மாதம், காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே கனகரத்தினம் இறந்துபோனார். மேசையில் கோப்பை அரைவாசி இருந்தது. நிவேதனா கொழும்பிலிருந்து வந்து சேர ஏழு மணித்தியாலம் எடுத்தது.

செத்தவீட்டுக்குச் சிவகரன் வந்தான். தலை நரைத்திருந்தது. பந்தலுக்குள் இருந்தபடி நிவேதனாவிடம் கேட்டான்:

"பிள்ளை, அண்ணை சித்திரையிலை சைக்கிளிலை என்ரை தோட்டத்துக்கு வந்தவர். பதினெட்டு, பதினெட்டு எண்டு சொல்லிச் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார். தேத்தண்ணிக்கும் நிக்கேல்லை. என்ன பதினெட்டு எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

அவனுக்குத் தன் பகிடி ஞாபகம் இல்லை. நிவேதனா வடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அருவி, மூன்று பாலம், ஐந்து மணி. சிவகரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். தன் கிணற்றை நினைத்திருக்க வேண்டும். முடிந்ததும் தலையை நிமிர்த்தினான்.

"மேலையோ, அடியிலையோ?"

"அடியிலை," என்றாள் நிவேதனா. எழும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள்.