வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, ஒரு வைரஸ் புரதத்தை விளக்க

போன செவ்வாய்க்கிழமை காலை ஜெயன் போன் எடுத்து, "பதினொரு நாளா மாத்திரை போடேல்ல" என்றான். பள்ளிக்கால நண்பன், நான்கு வருடமாக எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறான். (எழுதச் சொன்னதும் பெயரை மாற்றச் சொன்னதும் அவன்தான்.) நான் அந்த வைரஸ் தன்னைத்தானே எப்படிக் கட்டிக்கொள்கிறது என்று ஆராய்பவள். உடனே கிளம்பினேன்.

தூரம் பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் 8.10 ரயில் 8.50க்கு வந்தது. கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். புறக்கோட்டையில் லொறிகளுக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம் அசையவில்லை. "மிஸ், நடந்தா கெதியா போயிருவீங்க" என்றார் ஓட்டுநர். மீற்றரில் நானூறு ரூபாய் ஏறிய பிறகு சொல்கிறார்!

10.05க்கு ஜெயன் கதவைத் திறந்தான். அவன் வாய் திறக்குமுன் நான் தொடங்கினேன்.

"ரத்தத்தில வைரஸ் காணேல்ல எண்டா போயிட்டுது எண்டில்ல. செல்லுக்குள்ள ஒளிச்சிருக்கு. மாத்திரையை விட்டா திரும்பப் புரதம் செய்யும். அந்தப் புரதத்தின்ட வடிவமே அப்பிடி. ஆறு ஆறா வளையமாச் சேரும். வளையங்கள் ஒண்டோட ஒண்டு கொழுவி, செல்லின்ட சவ்வைத் தள்ளி உருண்டையா வெளிய வரும். பிறகு ஒரு நொதி அந்தப் புரதத்தை வெட்ட, துண்டுகள் கூம்பு மாதிரி ஒரு கூடாச் சேரும். அதுக்குப் பிறகுதான் மற்ற செல்லைத் தொற்றும். கட்டிக் குடுக்க ஆள் தேவையில்ல, வடிவமே காணும்!"

"முடிஞ்சுதா?" என்றான். "நாலு வருசமா இதைத்தானே சொல்லுறாய்."

"தெரிஞ்சுமா விட்டனீ?"

"மாசாமாசம் கிளினிக்குக்கு லீவு கேக்கிறன். நான் வேலை செய்யிற ஒருகொடவத்தை யார்டில சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால, 'மாசாமாசம் கிளினிக் போக உனக்கு என்ன வருத்தம்?' எண்டு கேக்கிறான். நான் என்ன சொல்ல? அதான் இந்த முறை மாத்திரை எடுக்கப் போகேல்ல."

வழியெல்லாம் ரயிலையும் லொறியையும் திட்டி வந்தவளுக்கு, இப்போது திட்ட நான்தான் மிஞ்சினேன்.

11.30க்கு இருவரும் கிளினிக்கில் இருந்தோம். மருத்துவர் ரத்தம் எடுத்தார், அன்றே மாத்திரை தொடங்கச் சொன்னார். லீவுக் கதையைக் கேட்டுவிட்டு, "ரிப்போட் சரியா வந்தா மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும். முதலே கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். ஜெயன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: ஏழரைக்கு முன் ரயில் ஏறுங்கள். கோட்டையிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கும் குறைவு, நடந்துவிடுங்கள். என்னைப்போல் விளக்கம் சொல்லப் போகிறீர்கள் என்றால், போய்ச் சேர்ந்ததும் முதல் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.