கதவைத் திறந்தவர்கள்

கண்டக்டர் அக்கா ஏறினால் பேருந்து அடங்கிவிடும். வீட்டுவசதி வாரிய அதிகாரி குடியிருப்புக்குள் நுழைந்தால் அக்கா அடங்க மாட்டாள்.

புருஷன் டிரைவராக இருந்து விபத்தில் செத்தபோது கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. அந்த டெப்போவில் முதல் பெண் கண்டக்டர் அவள்தான். "பொம்பளை விசிலடிச்சா வண்டி நகருமா?" என்று ஒரு டிரைவர் நக்கலடித்தார். "ஒண்ணு அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சா கிளம்பும். வண்டிக்குத் தெரியும்ணே, உங்களுக்குத்தான் தெரியல" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அவள் கல்யாணமாகி வந்தபோது குடியிருப்பில் சுண்ணாம்பு வாசம் கூடப் போகவில்லை. நாலு மாடி, நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஓடும் வராந்தாக்கள். முற்றத்தில் நின்று தலையைத் தூக்கினால் எல்லார் வீட்டுக் கதவும் தெரியும். அக்காவின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போவதற்குள் அந்தக் கட்டடத்துக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. தூண்களில் துருப்பிடித்த கம்பி, கை வைத்தால் உதிரும் சுவர். போன மழைக்கு எதிர்வீட்டுக் கூரை பெயர்ந்து, இஸ்திரிக்காரர் மகள் படுத்து எழுந்த பாய்மேலேயே விழுந்தது.

"நல்லவேளை எழுந்துட்டா. எல்லாம் விதி" என்றார்கள்.

"விதி எந்தக் கடையில சிமென்ட் வாங்குச்சு?" என்று கேட்டாள் அக்கா. "மூட்டையைத் தின்னவன் எவனோ, பழி விதி மேல."

வாரியம் இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னது. யாரையும் கேட்காமல் வரைபடமும் போட்டுவிட்டது. அக்கா விடவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் வாரிய அலுவலக வாசலில் உட்கார்ந்தாள். "எங்களைக் கேக்காம ஒரு செங்கல்லைத் தொடாதே" என்பதுதான் கோஷம். மாதக்கணக்கில் அலைந்ததில் வாரியம் இறங்கி வந்தது: குடியிருப்பவர்கள் கூட்டத்தில் சம்மதித்தால்தான் இடிப்பு, சம்மதித்தவர்களுக்கு அதே இடத்தில் புது வீடு.

அந்தக் கூட்டம் இன்றைக்கு. ஆனால் முதல்நாள் ஒட்டிய அறிவிப்பில் வேறு மாதிரி இருந்தது. ஒதுக்கீடு யார் பேரிலோ அவர்களுக்கு மட்டும் ஓட்டு. அவர்களுக்கு மட்டும் வீடு. வாடகைக்கு இருப்பவர்கள் கணக்கிலேயே இல்லை. கூரை விழுந்தபோது, கீழே இருப்பது வாடகைத் தலையா சொந்தத் தலையா என்று பார்த்து விழவில்லை. வாரியம் பார்த்தது.

எதிர்வீடு அக்காவின் தம்பி பேரில் இருந்தது. அவன் வேறு இடத்தில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போய் வெகுகாலம். அன்றிலிருந்து அங்கே இஸ்திரிக்காரர் குடும்பம்.

காலையிலேயே தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இன்னிக்கு நீ எதுவும் செய்ய வேணாம். சும்மா இரு. அது போதும்."

"அவங்க எங்கடா போவாங்க?"

"வாடகைக்கு வந்தவங்க வேற வாடகைக்குப் போவாங்க. உலகத்துல வீடே இல்லையா?"

"கூரை விழுந்தப்போ வந்து பாத்தியா நீ?"

"ஆள் அனுப்பறேன்னு சொன்னேன்ல."

"ஆமா, ஆள் இன்னும் வந்துக்கிட்டே இருக்கான்."

தம்பி சிரிக்கவில்லை. "நான் வாடகைக்கு விட்டது தெரிஞ்சா ஒதுக்கீட்டையே ரத்து பண்ணிடுவாங்க. பையனுக்குன்னு அது ஒண்ணுதான் வெச்சிருக்கேன். நீ வாயைத் திறந்தா நான் தெருவுல நிக்கணும்."

"சொந்த வீட்டுல இருக்கிறவனுக்குத் தெரு எப்படிடா வரும்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமா செத்தப்போ உனக்கு யாரு இருந்தா, அக்கா?"

அவன்தான் இருந்தான். அவள் முதல் வண்டிக்குப் போகும் நாட்களில் பிள்ளைகளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவன்தான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் இஸ்திரிக்காரர் வந்தார். அவளுடைய காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் வைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கூட்டத்துல நாற்காலி எல்லாம் ஓனருங்களுக்காம். வீட்டைப் பூட்டிட்டு ஓரமா இருங்கன்னு உங்க தம்பி சொல்லிட்டாரு. நாங்க எங்க நிக்கணும்?"

வீடு வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் அக்காவுக்கு ஏதாவது சமாதானம் சொல்ல வந்திருக்கும். மனுஷன் நிற்க இடம் கேட்டார். அக்கா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில்தான் கூட்டம். முன்னால் நாற்காலிகள். பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, கீழே வரத் துணிந்த வாடகைக்காரர்கள். இஸ்திரிக்காரரும் மனைவியும் சாவியோடு கடைசியில் நின்றார்கள். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "ஒதுக்கீடு பெற்றவங்க மட்டும் கையைத் தூக்குங்க."

தம்பியின் கை முதலில் எழுந்தது.

அக்காவுக்குச் சுரீர் என்றது. தினமும் பார்க்கிற காட்சி. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தவன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து எழுந்திரு என்பான். பேருந்தில் அவனை ஒருநாளும் அவள் விட்டதில்லை.

பையிலிருந்து விசிலை எடுத்து ஒன்று அடித்தாள். முற்றம் அப்படியே நின்றது.

"கை வேணாம் சார். எல்லாரும் மேலே போகட்டும். அவங்கவங்க வீட்டுக் கதவைத் திறந்து வாசல்ல நிக்கட்டும். கீழேயிருந்து எண்ணுங்க."

"அப்படி ஒரு நடைமுறையே இல்லம்மா."

"எங்களைக் கேக்கறதும்தான் நடைமுறையில இல்லாம இருந்துச்சு."

முற்றம் சிரித்தது. அதிகாரிக்கு வேறு வழியில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி, "நீங்களும்தான். உங்க வீட்டு வாசல்ல நில்லுங்க" என்றாள் அக்கா. காலையில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

தம்பி முந்திக்கொண்டு படியேறினான். அவனிடமும் ஒரு சாவி இருந்தது. அதை அக்கா நினைக்கவே இல்லை. அவன் திறந்து நின்றால் அவனைத்தான் எண்ணுவார்கள்.

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. தள்ளினான். தோளால் முட்டினான். உத்திரம் இறங்கியதிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவெல்லாம் அப்படித்தான்.

"என்ன சார், வீட்டுக்குப் புதுசா?" என்று மூன்றாம் மாடியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" இஸ்திரிக்காரரின் மனைவி முன்னால் வந்தாள். ஒரு கையால் தாழ்ப்பாளை மேலே தூக்கிப் பிடித்து, கதவின் அடியில் முழங்காலால் ஓர் இடி. திறந்துகொண்டது. கீழே நின்றவர்கள் கண்ணுக்குக் கூரைதான் தெரிந்தது: பெயர்ந்த ஓட்டை, கம்பிகள், குறுக்கே கட்டிய பிளாஸ்டிக் தாள்.

"அந்த வீட்டுல யாரு இருக்காங்க?" அதிகாரி கேட்டார்.

தம்பி மேலேயிருந்து அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் அடி வாங்கும்போது அவளைப் பார்ப்பானே, அதே பார்வை.

"திறந்தவங்கதான் சார்" என்றாள் அக்கா. "வீடு என் தம்பி பேர்ல இருக்கு. இருக்கறது அவங்க."

"அப்ப ஒதுக்கீட்டையே…"

"அதை அப்புறம் பேசலாம். கூரை யார் தலையில விழுதோ அவங்களை முதல்ல எண்ணுங்க. எண்ணலைன்னா எங்க சம்மதம் கிடையாது."

"கிடையாது!" என்றது ஒரு குரல். நாற்காலிக்காரர்களில் சிலர் அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஆனால் மேலே ஒரு கதவு கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. இதுநாள்வரை எட்டிப் பார்க்கவே பயந்து உள்ளேயே இருந்த வாடகைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு உதவியாளரைக் கூப்பிட்டார். "மேலே போய் எழுது. வாசல்ல நிக்கிற எல்லாரையும்."

தம்பி இறங்கி வந்தான். அவள் முன்னால் வந்து நின்றான்.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?"

திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான். "சார், உங்க சாவி!" என்று மேலேயிருந்து இஸ்திரிக்காரரின் மனைவி கூப்பிட்டாள். அது பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை.

அக்காவின் கை தானாக விசிலை உதட்டுக்குக் கொண்டுபோயிற்று. ஒன்று அடித்தால் நிற்பான். சின்ன வயதிலிருந்து அவள் குரலுக்கு நின்று பழகியவன்தான். நிறுத்தி என்ன சொல்வது?

படிக்கட்டடியில் உதவியாளர் பேனாவோடு தயங்கி நின்றார், அவள் முகத்தைப் பார்த்தபடி.

அக்கா இரண்டு விசில் அடித்தாள்.