கண் கட்டிய கப்பல்

சின்னமனூருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் கோடை விழா. இந்த வருடம் எல்லாருக்கும் வைக்கிங் வேடம், அதாவது பழைய ஐரோப்பியக் கடல் வீரர்களின் வேடம். கோவையிலிருந்து தொண்டராக வந்திருக்கும் என் பொறுப்பில் வைக்கிங் கப்பல் இருக்கிறது. பிளைவுட்டில் செய்தது, முகப்பில் டிராகன் தலை. காலையில் நானே அதற்குக் கண் வரைந்தேன், பிரமாதமாக வந்திருக்கிறது. இனி மேடைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டியதுதான்.

தூக்க வந்த எட்டுப் பேரும் கிட்டே வர மறுக்கிறார்கள். அவர்களுடைய மேஸ்திரி செல்லப்பாண்டி தலையை ஆட்டுகிறார்.

“கண்ணத் தொறந்து வச்சுட்டுத் தூக்கச் சொன்னா எப்பிடிம்மா? எங்க ஊர்ல சாமிக்குச் செஞ்ச மண் குதிரையவே கண்ணக் கட்டித்தான் தூக்குவாக.”

“அண்ணே, இது சாமி இல்ல. வெறும் பலகை.”

“பலகைக்கு எதுக்கும்மா கண்ணு வரஞ்சீக?”

வேடத்துக்காகப் போட்டிருந்த சிவப்புச் சால்வையைக் கழற்றிக் கொடுக்கிறேன். அவர் டிராகனின் கண்ணை இறுக்கிக் கட்டுகிறார். எட்டுத் தோள்களில் கப்பல் குலுங்காமல் போய் மேடை முன்னால் இறங்குகிறது.

அங்கே கொம்புத் தொப்பியும் அட்டைக் கோடரியுமாக நூறு வீரர்கள் அதைப் பார்த்து உறுமுகிறார்கள். செல்லப்பாண்டி பக்கவாட்டில் நின்று முடிச்சில் கை வைக்கிறார்.

“அவுக்கப் போறேன். மொதப் பார்வ யாரு மேலயும் படக்கூடாது. எதிர்ல நிக்காதீக!”

உறுமல் நின்றுபோகிறது. நூறு வைக்கிங்குகளும் கோடரியை இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்குகிறார்கள்.

வெறும் பலகை என்று சொன்ன நான் அவர்களுக்கு முன்பே ஒதுங்கி நிற்கிறேன்.