மேசையில் தட்டிய மோனை

கொட்டகலையில் நான் தமிழ் படிப்பித்த பள்ளிக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் வந்தார். ஒல்லியான ஆள், எப்போதும் பச்சை ஸ்வெட்டர். ஆங்கிலோ-சாக்சன்கள் என்ற பழைய இங்கிலாந்து மக்களின் பாட்டைச் சொல்லும்போது, ஒரே ஓசையில் தொடங்கும் சொற்களுக்கெல்லாம் மேசையில் தட்டுவார். பிள்ளைகளும் கூடவே தட்டுவார்கள். என் மோனைப் பாடத்தில் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"இது நம்ம மோனைதானேங்க சார். இதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போகணுமா?"

"வெள்ளக்காரன் பாட்டுல மோனை இருக்குன்னு கண்டுபுடிச்சதே புள்ளைங்கதான் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே," என்றார்.

கோபப்படக்கூட அவர் எனக்கு இடம் வைக்கவில்லை. ஹட்டனுக்கு இடமாற்றம் கிடைத்து அவர் போன அன்று பிள்ளைகள் அழுதார்கள். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.