இரண்டு ஹாரன்

எங்கள் நாய்க்கு ஒரே ஒரு சட்டம்தான். கேட் திறந்திருந்தாலும், என் மனைவி உள்ளங்கையைக் காட்டினால் உட்கார வேண்டும். அவள் சொல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு நேராக, பஸ்ஸும் லாரியும் பறக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் முட்டுகிறது. அந்தச் சட்டம்தான் அதற்கு உயிர்.

அவள் ஸ்கூல் டீச்சர், சாயந்திரம் பழக்குவாள். எனக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. முதல் ஷிப்ட் முடிந்து அவளுக்கு முன்பே வந்துவிடுவேன். தெருமுனையிலேயே இரண்டு ஹாரன் அடிப்பேன். கேட்டைத் திறந்ததும் அது பாய்ந்து வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொள்ளும். ஒரு ரவுண்டு போவோம். அவளிடம் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனைத் தேடி ஒரு ஜீவன் ஓடி வந்தால், வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா?

கொஞ்ச நாளில், அவள் கையைக் காட்டினாலும் அது கேட்டைப் பிறாண்ட ஆரம்பித்தது. "நாப்பது பிள்ளைங்களை உட்கார வைக்கிறேன், ஒரு நாயை உட்கார வைக்க முடியலையே" என்று ஒருநாள் அழுதே விட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல இருந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, "போகப் போகப் பழகிடும்" என்றேன். ஆனாலும் ரவுண்டை நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, தண்ணீர் கேன் வாங்க அவள் கேட்டைத் திறந்தாள். தெருமுனையில் யாரோ இரண்டு ஹாரன் அடித்தார்கள். அவள் கையைத் தூக்குவதற்குள் நாய் பறந்துவிட்டது.

பின்னாலேயே ஓடினோம். ரோட்டின் நடுத்தடுப்பு ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸும் லாரியும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஒரு அடி முன்னால் வைத்தது. நான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அது நிற்காது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே நின்ற ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் உள்ளங்கையைக் காட்டியபடி நின்றாள். ஓடுகிற சக்கரங்கள்தான் எனக்குத் தெரிந்தன. குன்றத்தூர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அது உட்கார்ந்துவிட்டது. வண்டிகள் ஓய்ந்த நேரம் பார்த்துப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும், "நீங்க ஏன் ஒளிஞ்சீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் அழுதப்போ, எவ்வளவு நேரம் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். ஹாரனைப் பற்றிச் சொல்ல அதில் ஒரு நிமிஷம் போதுமாக இருந்திருக்கும்.