ஒளு நிற்காத வருஷம்

புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி ஆம்பளை உடம்பில் இருக்கிற விஷயமே எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அதில் புற்று என்றும் சொல்லிவிட்டார்கள். அறிமுகமும் சண்டையும் ஒரே நாளில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திண்டுக்கல்லில் ஆட்டு வியாபாரி. வாராவாரம் அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடித்து வந்து டவுன் கறிக்கடைகளுக்குக் கொடுப்பேன். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அடிவயிற்றைக் கிழித்துச் சுரப்பியை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார் டாக்டர். புற்று திரும்பத் தலைகாட்டாமல் இருக்க வேண்டுமானால் விதைகளையும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

"எத்தனை கிடாய்க்கு நான் விதை அடிக்கச் சொல்லியிருப்பேன் டாக்டர்! அம்புட்டும் ஒண்ணாச் சேந்து சாபம் விட்டிருக்கும் போல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய்ச் சம்மதம் சொன்னேன். கட்டிக்கொடுக்க வேண்டிய மகள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். எனக்கு உயிர் வேண்டியிருந்தது.

புற்று போனது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாடகை கொடுக்காமல் ஓடுகிற குடித்தனக்காரன் மாதிரி, போகும்போது வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனது. மாத்திரை கொடுத்திருந்தார்கள், பெண்களுக்குச் சுரக்கிற சத்தாம் அது. அதைத் தின்னத் தின்ன மார்பு இரண்டும் வீங்கி, பனியன் உரசினாலே உயிர் போனது. மார்கழிப் பனியில் ஊரே போர்த்திக்கொண்டு நடுங்கும்போது எனக்கு மட்டும் கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறியைத் தேடுவேன்.

என் சம்சாரம் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்துச்சே, அதே சூடுதாங்க இது! அன்னைக்கு நான் விசிறுனப்ப, 'என்னடி நடிப்பு இது'ன்னு கேட்டீங்கல்ல? நல்லா விசிறுங்க!"

இரவு விஷயமும் அதோடு முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அவள்தான், "இனிமேயாச்சும் நிம்மதியா உக்காந்து பேசுங்க" என்று வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்தாள். பேசினோம். முப்பது வருஷத்தில் பேசாததை எல்லாம் அந்த வருஷத்தில் பேசினோம்.

இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது மூத்திர ஒழுக்குதான். இருமினால் சொட்டும். எழுந்தால் சொட்டும். சும்மா இருக்கும்போதும், இவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று கேட்பதுபோல் சொட்டும். பழைய துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் நாடா போட்டுத் தைத்த கச்சை ஒன்றை என் சம்சாரம் கொண்டுவந்து தந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி. அதைக் கட்டி, மேலே கைலியைக் கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது.

அப்படித்தான் நம்பிக்கொண்டு, அறுத்த இடத்தில் சதை கொஞ்சம் கூடினதும் அய்யலூருக்குக் கிளம்பினேன். ஆட்டு வியாபாரத்திலேயே தலை நரைத்த நான், இந்த ஒழுக்கோடு கிடாய்கள் நிற்கிற பக்கம் போகலாமா? யோசிக்கவில்லை. மூத்திர வாடை மூக்கில் பட்டால் கிடா என்ன செய்யும் என்பது எனக்கா தெரியாது?

ஒரு வியாபாரியோடு துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகப் பழகியவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பெரிய கறுப்புக் கிடா நேராக வந்து என் கைலியில் மூக்கை வைத்தது. ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு தலையை வானத்துக்குத் தூக்கி, மேலுதட்டை மடித்து, ஈறு தெரிய நின்றது. பெட்டை ஆட்டின் பின்னால் போய் மோந்து பார்க்கும்போது கிடா செய்கிற அதே வேலை. சந்தையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"ஏலே, கிடாய்க்கு மாமாவைப் பாத்தா பெட்டையாத் தெரியுதுடா!" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னார். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நானே எல்லாரையும்விட உரக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்குத் துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கிடா பொய் சொல்லவில்லையே என்பதுதான் வழியெல்லாம் நெஞ்சைக் குடைந்தது.

அதற்குப் பிறகு சந்தை இல்லை. பள்ளிவாசலும் இல்லை. தொழுகைக்கு முன்னால் முகம் கைகால் கழுவிச் செய்கிற ஒளு, ஒரு சொட்டு மூத்திரம் இறங்கினாலே முறிந்துவிடும். எனக்கோ கால் கழுவி முடிப்பதற்குள் முறிந்துவிடுகிறது. ஒருநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு ஏழு தடவை ஒளு செய்தேன். ஏழாவது தடவை செம்பைக் கிணற்றடியில் வீசி எறிந்தேன். சுத்தமில்லாதவனுக்குப் பள்ளியில் என்ன வேலை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தெருவில் கேட்டவர்களுக்கு மூட்டுவலி என்று சொல்லிவைத்தேன்.

இந்த லட்சணத்தில் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பாலசமுத்திரத்துப் பக்கம் நல்ல குடும்பம். எங்கள் தெருப் பள்ளிவாசலில் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். பெண்ணைப் பெற்றவன் சபை நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளைக் கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் நான் அறுக்கச் சம்மதித்தேன். ஆனால் பள்ளிவாசல் பாயில் ஊர் முன்னால் நனைந்து எழுந்திருக்கிற என்னை நினைத்தாலே உடம்பு கூசியது. மச்சான் உட்கார்ந்து கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் சம்சாரம் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். "தகப்பன் கல்லு மாதிரி உசுரோட இருக்கையில தாய்மாமன் குடுப்பானா? எம் மக என்ன அத்தா இல்லாத புள்ளையா?"

"ஒளு நிக்கலையேடி. எப்படிப் பள்ளிக்குள்ள போவேன்?"

"பள்ளியில தொழவைக்கிற ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டீங்களா?"

"அவரு எனக்கு மகன் வயசு. அவருகிட்டப் போயி இதையா கேப்பேன்?"

"பொம்பளைக்கு உதிரம் நிக்காமப் போனா அதுக்கு மார்க்கத்துல சட்டம் இருக்கு. ஆம்பளைக்கு மட்டும் இல்லாமலா போகும்? போயிக் கேளுங்க. நீங்க போகலைன்னா நான் போறேன்."

செய்கிற ஆள்தான் அவள். ஆகவே நானே போனேன். பள்ளியின் வெளிப்படியில் நின்றுகொண்டு, தெரிந்த ஒருவருக்கு இப்படி ஒரு வியாதி என்று ஆரம்பித்தேன். அந்த இளவட்ட ஹஜ்ரத், தாடி கூட முழுசாக வரவில்லை, கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒரு ஒளு செஞ்சுக்கிறச் சொல்லுங்க. அந்த வக்து முடியிறவரைக்கும் இதுக்காக ஒளு முறியாது, சொட்டுனாலும் தொழலாம். பாய்ல படாமத் துணியைக் கட்டிக்கிட்டாப் போதும்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். முன் வரிசையில அப்படித் தொழுகிறவங்க இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன். அவரை நாளைக்கே வரச் சொல்லுங்க, மாமா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். எட்டு மாதம்! எட்டு மாதம் வீட்டு மூலையில் உட்கார்ந்து என்னையே நான் தள்ளிவைத்திருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆகியிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். முன் வரிசையில் இருந்த வெள்ளைத் தாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நீயா, நீயா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததில் குத்பாப் பிரசங்கத்தில் பாதி காதில் விழவில்லை.

நிக்காஹ் அன்று காலையில் குளித்துவிட்டு, "கச்சையை எடு" என்றேன். என் சம்சாரம் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே புதுக் கச்சைகள். இழுத்துக் கட்டி அடுக்கடுக்காக, பெட்டி வாய்வரைக்கும் இருந்தது.

"ஏ அம்மா, இம்புட்டா? கல்யாண வேலைக்கு நடுவுல உனக்கு எங்க நேரம்?"

"நான் எங்க தச்சேன்? எனக்கு ஊசிக் காதே கண்ணு தெரியாது. மொதத் துணியிலருந்தே உங்க மகதான் தைக்கிறா. சொன்னா உங்களுக்கு வெக்கமாயிரும், சொல்லாதம்மான்னா. இப்பப் போயிட்டா யாரு தைப்பான்னு, மருதாணி வைக்கிற வரைக்கும் உக்காந்து தச்சுப்புட்டா."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய பழைய ஊதாத் தாவணிதான், பெருநாளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. அதையே கட்டிக்கொண்டேன்.

பள்ளியில் நல்ல கூட்டம். அய்யலூர் வியாபாரி கூட வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மாமா, சந்தைப் பக்கமே ஆளைக் காணோம்?" என்று குரல் கொடுத்தார். "உங்க கிடா என்னையப் பொண்ணு கேட்டுச்சுல்ல, அதான் பயந்துக்கிட்டு வரலை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் எதிரில் உட்கார்ந்தேன். பையன் கை ஜில்லென்று இருந்தது. எனக்கோ சரியாக அந்த நேரம் பார்த்துக் கழுத்திலிருந்து சூடு குப்பென்று ஏறியது. வேர்வை கண்ணில் இறங்கியது. கண்ணீரும்தான், பார்த்தவர்கள் எதை எதுவாக நினைத்தார்களோ. ஹஜ்ரத் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். 'என் மகளை' என்று வந்தபோது இருமிவிட்டேன். இருமினதும் இறங்கியது. நிற்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

பாயில் ஒரு பொட்டு ஈரம் படவில்லை. அத்தனையையும் அவள் தாவணி வாங்கிக்கொண்டது. நான் மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, "கொடுத்தேன்" என்றேன்.